அதை யார் அளந்தார்கள், அத்தை?

அண்ணன் மகளுக்கு ஏழாம் வகுப்பில் சூரியக் குடும்பம் பாடம் வந்தது. ஒரு பைனாகுலரையும் சின்னத் தொலைநோக்கி ஒன்றையும் வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாக மொட்டை மாடியில் இரவுகளைக் கழிப்பவள் நான். அதனால் வானம் சம்பந்தப்பட்ட எந்தச் சந்தேகமும் வீட்டில் நேராக என்னிடம்தான் வரும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள்.

இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் சூரியனின் ஒரு துண்டு. அதற்கு வலப்பக்கம் எட்டுக் கோள்களும் வரிசையாக, ஒன்றை ஒன்று உரசாத குறையாக நின்றன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, "இவ்ளோ கிட்ட கிட்ட இருந்தா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காதா அத்தை?" என்று கேட்டாள்.

நான் படித்த காலத்திலும் இதே மாதிரிப் படம்தான் இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. படத்தை நம்பியதால்தான் அவள் கேட்கிறாள், நம்பினால் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். கோள்களின் பெயர், நிறம், எத்தனை நிலவு என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றுக்கு நடுவில் இருக்கும் வெறுமையைத் தாளில் காட்டத்தான் வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தே பார்த்துவிடுவோம் என்று சொன்னேன்.

கணக்கு சுலபமானது. ஒரு கோடி கிலோமீட்டரை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். சூரியனின் விட்டம் சுமார் 13 லட்சத்து 90 ஆயிரம் கிலோமீட்டர், அதாவது 14 சென்டிமீட்டர். வீட்டில் கிடந்த மஞ்சள் ரப்பர் பந்து ஏறக்குறைய அந்த அளவில் இருந்தது. பூமிக்கு 1.3 மில்லிமீட்டர், குண்டூசியின் தலை போதும். அதை ஒரு அட்டையில் குத்தி, பக்கத்தில் 3.8 சென்டிமீட்டர் தள்ளி, கூராகச் சீவிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அது நிலவு. மனிதர்கள் இதுவரை போய்வந்த மிகத் தொலைவான பயணம் முழுவதும் அந்த 3.8 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் முடிந்துவிடுகிறது. வியாழனுக்கு ஒரு கோலிக்குண்டு. சனிக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னது. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஐந்து மில்லிமீட்டர் பாசிமணி இரண்டு. புதனுக்கும் செவ்வாய்க்கும் மணல் துகள்கள், வெள்ளிக்கு இன்னொரு குண்டூசி.

வீட்டுக்கு முன்னால் நேராக அரை கிலோமீட்டர் போகும் ஒரு சாலை உண்டு. பந்தைச் சுவரோரம் வைத்துவிட்டு, பத்து மீட்டருக்கு முடிச்சுப் போட்ட கயிற்றால் அளந்துகொண்டே போனோம். புதன் 5.8 மீட்டரில். வெள்ளி 10.8. பூமி 15. செவ்வாய் 23 மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. இதுவரை அவளுக்குச் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது வியாழன்தானே என்று கோலியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கயிற்றை நீட்டினோம், மறுபடியும் நீட்டினோம். "இன்னுமா?" என்றாள். வியாழனுக்கு 78 மீட்டர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் மட்டும் 55 மீட்டர். அங்கேதான் சிறுகோள்கள் லட்சக்கணக்கில் சுற்றுகின்றன, ஆனால் அத்தனையையும் ஒன்றாக உருட்டினாலும் நம் நிலவின் நிறையில் ஐந்து சதவீதம்கூடத் தேறாது. சனி 143 மீட்டர். யுரேனஸ் 287. நெப்டியூன் 450 மீட்டர். கடைசிப் பாசிமணியை ஒரு கல்லின் மேல் வைத்தபோது அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பந்து தெரியவில்லை. ஒருவேளை அந்த மஞ்சள் புள்ளிதானோ என்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

எட்டுக் கோள்களும் மொத்தமாக அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவற்றுக்கு அரை கிலோமீட்டர் நீளச் சாலை தேவைப்படுகிறது. சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் அந்த ரப்பர் பந்தில் இருக்கிறது, மிச்சத்தைத்தான் நாம் கோள்கள் என்று பெயர் வைத்துப் பிரித்து மனப்பாடம் செய்கிறோம்.

திரும்பி வரும்போது பூமியின் அட்டைக்குப் பக்கத்தில் அவளைக் குனிந்து உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, சுண்டுவிரல் நகத்தால் பந்தை மறைக்கச் சொன்னேன். மறைந்தது. 15 மீட்டர் தள்ளியிருக்கும் 14 சென்டிமீட்டர் பந்து கண்ணுக்கு அரை டிகிரி அகலம் காட்டும். வானத்துச் சூரியனும் நமக்கு அதே அரை டிகிரிதான். அதாவது அந்த இடத்திலிருந்து அவள் பார்த்த பந்து, நாம் அன்றாடம் பார்க்கும் சூரியனின் அதே அளவு. (நிஜச் சூரியனைப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கவே கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.) இந்த மாதிரியை நான் எத்தனையோ முறை தாளில் கணக்குப் போட்டிருக்கிறேன். குனிந்து உட்கார்ந்து நகத்தால் மறைத்துப் பார்த்தது எனக்கும் அன்றுதான் முதல் முறை.

அப்புறம் ஒளியைப் பற்றிக் கேட்டாள். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று புத்தகத்தில் படித்திருக்கிறாள். நம் சாலையில் அது எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர்! சாவகாசமாகப் போகும் ஒரு எறும்பின் வேகம். பிரபஞ்சத்தில் எதுவும் இதைவிட வேகமாகப் போக முடியாது. முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலைத் தரையில் வைத்து, அதன் மேல் பத்து நொடியில் முழு நீளத்தையும் கடக்கிற மாதிரி விரலை நகர்த்தினாள். பந்திலிருந்து குண்டூசி வரை அப்படியே நகர்த்திக்கொண்டு போனால் எட்டு நிமிடம் இருபது நொடி. மூன்று மீட்டர் வரை பொறுமையாகப் போனாள், பிறகு முதுகு வலிக்கிறது என்று எழுந்துவிட்டாள். நெப்டியூனுக்கு அந்த விரல் போய்ச்சேர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது எங்கே இருக்கும் என்று கணக்குப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஐம்பது வருட ஓட்டம், சுமார் 2,500 கோடி கிலோமீட்டர். நம் சாலையில் இரண்டரை கிலோமீட்டர். மனிதர் செய்த பொருள்களிலேயே மிகத் தொலைவுக்குப் போனது அது. சரி, அதையும் தாண்டி அடுத்த சூரியன் எங்கே? சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே போய்ச்சேர 4.24 வருடம் ஆகும் தூரம். இந்தச் சாலையின் அளவில் அது 4,000 கிலோமீட்டர்.

"நாலாயிரம் மீட்டரா?"

"நாலாயிரம் கிலோமீட்டர்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அதை யார் அளந்தாங்க அத்தை? இந்த மாதிரி கயிறு கட்டியா அளக்க முடியும்?"

அன்றைய நடையைவிட எனக்கு இந்தக் கேள்வி முக்கியமாகப் பட்டது. பிரபஞ்சத்தைப் பற்றிய அறிமுகம் என்றால் எண்களை அடுக்கிவிடுகிறோம். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பல வருடம் கண் வலிக்கப் பார்த்திருக்கிறார். அந்த ஆட்களைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்பத்தான் வேண்டியிருக்கும், புரிந்துகொள்ள வழி இருக்காது. அன்று மதியத்திலிருந்து அடுத்த இரண்டு வாரம் நாங்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முதலில் கெப்ளர் என்ற வானியலாளர். சூரியனிலிருந்து கோளின் சராசரித் தொலைவின் மும்மடியும், அது ஒரு சுற்று முடிக்கும் காலத்தின் இருமடியும் எல்லாக் கோள்களுக்கும் ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்று 1619-இல் வெளியிட்டார். வியாழன் ஒரு சுற்று முடிக்க 11.86 வருடம். கால்குலேட்டரில் 11.86-ஐ 11.86-ஆல் பெருக்கச் சொன்னேன்: 140.66. பூமியைப்போல் 5.2 மடங்கு தொலைவு என்றால், 5.2-ஐ மூன்று முறை பெருக்க 140.61. அவள் அந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி வட்டம் போட்டாள். ஆக, எந்தக் கோள் எத்தனை மடங்கு தள்ளி இருக்கிறது என்பது நானூறு வருடத்துக்கு முன்பே தெரியும். கிலோமீட்டரில் எவ்வளவு என்பதுதான் சரியாகத் தெரியாது. அளவுகோல் குறிக்காத வரைபடம் மாதிரி. ஏதாவது ஒரு தூரத்தை அளந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும்.

அந்த ஒரு தூரத்துக்கு வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி. வெள்ளி எப்போதாவது சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாக நகர்ந்து போகும். பூமியின் வடக்கிலிருந்து பார்ப்பவருக்கும் தெற்கிலிருந்து பார்ப்பவருக்கும் அந்தப் புள்ளி சூரியன் மேல் வேறு வேறு கோட்டில் போகும். கோட்டின் நீளம் மாறினால் கடக்கும் நேரமும் மாறும். அந்த நேர வித்தியாசத்தையும் பார்த்தவர்களுக்கு இடையே இருக்கும் தூரத்தையும் வைத்து சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று 1716-இல் எழுதினார். அடுத்த கடப்பு 1761-இல்தான் வரும், தான் உயிரோடு இருக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதற்காகக் கப்பல் ஏறியவர்களில் கியோம் லெ ஜென்டி என்ற பிரெஞ்சுக்காரரின் கதையை என்னால் சுருக்கிச் சொல்ல முடிந்ததே இல்லை. 1760-இல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வழியிலேயே அந்த ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட, கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். வானம் தெளிவாக இருந்தது, வெள்ளியும் கடந்தது, ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் பயன்படாது, இருக்கும் இடமும் துல்லியமாகத் தெரியாது. அளந்தும் பயனில்லை. அடுத்த கடப்பு எட்டு வருடம் கழித்து. ஊருக்குப் போகாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கிவிட்டார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, ஆய்வுக்கூடம் அமைத்து, கருவிகளைச் சரிபார்த்து வைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. பதினோரு வருடம் கழித்து ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"பாவம்" என்றாள். ரொம்ப நேரம் கழித்து, "மத்தவங்க பாத்தாங்களா?" என்று கேட்டாள். பார்த்தார்கள். தாஹிட்டியில் கேப்டன் குக்கின் குழு, இன்னும் பல நாடுகளில் பலர். எல்லாவற்றையும் சேர்த்து லாலாந்து என்ற பிரெஞ்சு வானியலாளர் 1771-இல் சொன்ன விடை 15.3 கோடி கிலோமீட்டர். இன்று ரேடார் வைத்து அளந்து, வரையறையாகவே நிலைநிறுத்திய எண் 14 கோடியே 95 லட்சத்து 97 ஆயிரத்து 870.7 கிலோமீட்டர். ஊசல் கடிகாரத்தோடு அவர்கள் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள் பாருங்கள்.

2012 ஜூன் 6 காலையில் இதே கடப்பை நான் பார்த்திருக்கிறேன். சூரிய வடிகட்டி போட்ட கண்ணாடியில், ஆரஞ்சு வட்டத்தின் மேல் ஒரு சுத்தமான கறுப்புப் புள்ளி. சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். அன்று எனக்கு லெ ஜென்டியின் நினைவாகவே இருந்தது. அடுத்தது 2117-இல். அவளுக்கும் கிடைக்காது.

சூரியன் வரை வந்தாயிற்று. நட்சத்திரத்துக்கு? கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறுகண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். விரலைத் தள்ளிக்கொண்டே போனால் அந்த நகர்வு குறையும். இரண்டு கண்ணுக்குப் பதில், ஆறு மாத இடைவெளியில் பூமி இருக்கும் இரண்டு இடங்கள். நம் சாலையில் பந்துக்கு இந்தப் பக்கம் 15 மீட்டர், அந்தப் பக்கம் 15 மீட்டர், ஆக 30 மீட்டர். இவ்வளவு தூரம் நகர்ந்து நின்று பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு பந்தின் நகர்வைக் கண்டுபிடிக்க வேண்டும். 1838-இல் ஃபிரீட்ரிஷ் பெஸ்ஸல் என்ற ஜெர்மன் வானியலாளர் கண்டுபிடித்தார். அன்னம் விண்மீன் கூட்டத்தில் இருக்கும் 61 சிக்னி என்ற மங்கலான நட்சத்திரம். அவர் அளந்த கோணம், ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் வைத்த ஒரு சென்டிமீட்டர் பொருளின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பத்து ஒளியாண்டு சொச்சம் என்றார். இப்போதைய கணக்கு 11.4. கையால் திருகு திருகி, கண்ணால் பார்த்து அளந்தது அது. 2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலம் இதே கட்டைவிரல் முறையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்து முடித்துவிட்டது.

அதற்கும் அப்பால் போனால் விரல் அசையாது. அங்கே வருபவர் ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்டு வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பது அவர் வேலை. காது சரியாகக் கேட்காது. கண்ணாடித் தகட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கரும்புள்ளிகளாகவும் இருக்கும். வெவ்வேறு நாளில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சிறுத்திருக்கிறது என்று லென்ஸ் வழியே பார்ப்பார். தெற்கு வானத்தில் மேகம்போல் தெரியும் இரண்டு நட்சத்திரத் திரள்களான மெகல்லன் மேகங்களில் மட்டும், வெளிச்சம் கூடிக் குறைந்து மாறும் நட்சத்திரங்கள் 1,777-ஐக் கண்டுபிடித்து 1908-இல் பட்டியல் போட்டார். அவற்றில் செஃபீடு வகையைச் சேர்ந்தவை மெதுவாகத் துடித்தால் அதிக வெளிச்சமாகவும், வேகமாகத் துடித்தால் குறைந்த வெளிச்சமாகவும் இருப்பதைக் கவனித்தார். எல்லாம் ஒரே மேகத்துக்குள் இருப்பதால் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம், ஆகவே இந்த வித்தியாசம் தூரத்தால் வந்ததல்ல. 1912-இல் 25 நட்சத்திரங்களை வைத்து அதை உறுதியாக வெளியிட்டார்.

இதன் பொருள் என்னவென்றால், துடிப்பை எண்ணினால் அந்த விளக்கு உண்மையில் எத்தனை வாட் என்று தெரிந்துவிடும். எத்தனை வாட் என்று தெரிந்து, நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதும் தெரிந்தால் தூரம் வந்துவிடும். பிரபஞ்சத்தை அளக்கும் கயிறு அது. லெவிட் 1921-இல் புற்றுநோயால் இறந்தார். அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க நினைத்து ஒருவர் 1925-இல் கடிதம் எழுதியபோது, லெவிட் இறந்த செய்தியே எழுதியவருக்குத் தெரியவில்லை.

1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் நூறு அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடா என்ற ஒளித் திட்டைப் படமெடுத்தார். அது பால்வீதிக்குள் இருக்கும் மேகமா, வெளியே இருக்கும் இன்னொரு பால்வீதியா என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். தகட்டில் ஒரு புள்ளியைத் திடீரென வெடித்துப் பிரகாசிக்கும் நோவா என்று நினைத்து என் (N) என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தார். அது செஃபீடு என்று தெரிந்ததும் அந்த எழுத்தை அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதன் சுருக்கத்தை எழுதி, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டார். லெவிட்டின் கணக்கை வைத்துப் பார்த்தால் அது பால்வீதிக்குள் இருக்க வாய்ப்பே இல்லை. அவர் சொன்ன தூரம் ஒன்பது லட்சம் ஒளியாண்டு, இன்றைய கணக்கு 25 லட்சம். எண் பிறகு திருந்தியது. ஆனால் நம் பால்வீதி பலவற்றில் ஒன்று என்பது அந்த ஆச்சரியக்குறியிலேயே முடிவாகிவிட்டது.

மிச்சத்தை அவளுக்கு வேகமாகத்தான் சொன்னேன். நம் பால்வீதியில் குறைந்தது பத்தாயிரம் கோடி நட்சத்திரங்கள், குறுக்கே ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு. அதன் மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி நம் சூரியன், வயது 460 கோடி. தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்கள் எல்லாம் விலகிப் போகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். அதைப் பின்னோக்கி ஓட்டினால் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் கடும் சூட்டில் நெருங்கிக் கிடந்த ஒரு தொடக்கத்துக்கு வருகிறோம். அந்தச் சூட்டின் மிச்சத்தை 1964-இல் பென்ஸியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாகக் கேட்டார்கள். இது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

நிலவில்லாத ஒரு இரவுக்காகக் காத்திருந்தோம். மாடியில் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். வடக்குப் பக்கம் ஆங்கில டபிள்யூ எழுத்து மாதிரி ஐந்து நட்சத்திரங்கள், காசியோப்பியா. அதன் இரண்டு பள்ளங்களில் கூர்மையானது எந்தப் பக்கம் சுட்டுகிறதோ அந்தத் திசையில் பைனாகுலரை மெதுவாக நகர்த்தச் சொன்னேன். கை நடுங்கியது. முழங்கைகளைக் கைப்பிடிச் சுவர்மேல் ஊன்றிக்கொண்டாள்.

"ஒரு நீள்வட்டமா... மூச்சுக் காத்து பட்ட கண்ணாடி மாதிரி. அதுவா?"

"அதுதான். நேராப் பாக்காம கொஞ்சம் பக்கவாட்டுல பாரு, இன்னும் நல்லாத் தெரியும்."

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுத்து வலிக்குமே என்று நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன், உட்காரவில்லை.

"இருபத்தஞ்சு லட்சம் வருஷம் நடந்து வந்த எறும்பு" என்றாள் கடைசியில். அப்புறம், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "இதைத்தான ஹபிள் அளந்தாரு? அந்தக் காது கேக்காத அம்மாவோட கயிறை வச்சு?"

"ஆமாடா" என்றேன்.